ரோடு தெரிந்த பிள்ளை

கொழும்புக்குப் போகிறவர்கள் கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் ஆடிவேல் தேர்த் திருவிழா பார்க்கக் கிளம்பும்போது முதலில் எடுத்துவைப்பது கம்பளியைத்தான். ஆடி மாதத்தில் தோட்டத்து மழையும் காற்றும் பல்லைக் கிட்டவைத்துவிடும். உலகம் பூராவும் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் குற்றமா? சண்முகவடிவும் அவள் புருஷன் வீரய்யாவும் விடிந்தும் விடியாமலும் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியபோது, ஆளுக்கொரு கம்பளியோடு நின்று வியர்த்துக் கொட்டினார்கள். பக்கத்தில் போன ஒருவன் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

ரயிலில் கூட வந்த மற்றவர்களெல்லாம் வேல் பார்க்க வந்தவர்கள். சண்முகவடிவு மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். இதை அவள் வீரய்யாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. வீரய்யாவும் அதற்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அவருடைய பயம் அவளுக்குத் தெரியும்.

மகள் ராசம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் துரைராசாவின் தங்கச்சி வீடு அது. வீரய்யா மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கிக் கிடந்த வருஷம். நொண்டிக் காலோடு இனி மலையேற முடியாது என்று ஆனபோது, வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடாமல் தேயிலை ஸ்டோரில் காவல் வேலை போட்டுக் கொடுத்தவர் கிளாக்கர். அந்தச் சூட்டோடு அவரே லயத்து வாசலுக்கு வந்து, தங்கச்சி பிள்ளைகளோடு விளையாட ஒரு பெண்பிள்ளை இருந்தால் நல்லது என்றார். தோட்டத்தில் கிளாக்கரையா வாசலுக்கு வந்து நின்று ஒன்றைக் கேட்டால், அது கேட்கிறதா என்ன? ராசம்மா புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு, கோச்சி ரயிலில் போகப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு போனாள்.

வருஷங்கள் ஓடின; பிள்ளையை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்க வாய்க்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள், கொழுத்துவிட்டாள் என்று கிளாக்கர் அவ்வப்போது சொல்லுவார். போன தை மாதம், விடியற்காலைப் பெரட்டில் அத்தனை பெண்களும் கூடையோடு வரிசையாக நிற்கும்போது, கிளாக்கர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ராசம்மா பெரியவளாகி மூன்று மாதமாகிறதாம்.

சண்முகவடிவுக்குத் தலையில் இடி விழுந்தது. பெற்றவள் தண்ணீர் ஊற்றவில்லை. தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டவில்லை. உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க ஒருத்தி இல்லை. சமைந்த பிள்ளை யார் வீட்டு அடுப்படியிலோ பயந்து ஒடுங்கிக் கிடந்திருக்கிறாள். அந்தச் செய்தி மூன்று மாதம் கழித்துப் பெரட்டுக்களத்தில் பத்துப்பேர் காதில் விழ வந்து சேருகிறது. அன்றைக்கு அவள் கை கொழுந்தெடுத்ததாகத் தெரியவில்லை. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா இரண்டு தடவை சத்தம் போட்டார். அதுவும் அவள் காதில் ஏறவில்லை.

உடப்புசல்லாவைத் தோட்டத்தில் இருக்கும் அவள் அண்ணன் செய்தி கேட்டு ஓடிவந்து, தங்கையைத் திட்டித் தீர்த்துவிட்டு, மாமன் சீராக ஒரு மாம்பழ நிறச் சேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மகன் பழனியாண்டிதான் ராசம்மாவுக்கு முறை. வருகிற தையில் முடித்துவிடலாம், முதலில் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வா என்றார். அந்தச் சேலைதான் இப்போது சண்முகவடிவின் துணிப்பையில் இருந்தது. திரும்பிப் போகும்போது மகளுக்குக் கட்டிவிட்டு, கோச்சியில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவள் கணக்கு.

வெள்ளவத்தை வீட்டில் அவர்களை முன்வாசல் வழியாகக் கூப்பிடவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஜெகதீஸ்வரி நல்ல மாதிரிதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். முகம் சுளிக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தார், அதற்கென்றே தனியாக வைத்திருந்த தகரப் பேணியில். கம்பளியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து கதவோரத்தில் நின்றாள். உயரமாக, இறுக்கிப் பின்னிய சடையோடு, துவைத்து வெளுத்த பாவாடையில். வீட்டுக்காரர்கள் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து சண்முகவடிவு எழுந்து நின்றுவிட்டாள். பெற்ற தாய் மகளுக்கு எழுந்து நின்ற கூத்து அங்கே நடந்தது. அந்தப் பெண் ஓடிவந்து காலைத் தொட்டபோதுதான் அவளுக்கு விளங்கியது. கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கார அம்மா நின்றதால் தலையை மட்டும் தடவிக் கொடுத்தாள்.

"ராசம்மா எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்" என்றார் ஜெகதீஸ்வரி. "இண்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நல்லா ஊர் சுத்திப் பாருங்கோ. பின்னேரம் விருந்தாக்கள் வருகினம், ஆறு மணிக்கு முன்னம் கொண்டுவந்து விட்டிடுங்கோ."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறோம் அம்மா என்று ஒரு வார்த்தை. வீரய்யா அவளைப் பார்த்தார். அவள் கிணற்றைப் பார்த்தாள். முதலில் பிள்ளையிடம் கேட்டுக்கொள்வோம், சாயங்காலம் வந்து முறையாகச் சொல்லுவோம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். தேரை முதலில் பார்த்துவிட்டால் முருகன் வழிவிடுவான் என்றும் நினைத்தாள்.

வேல் கோயில் பக்கத்திலேயே இருந்தது. காலி வீதி முழுக்கக் கரும்பும் பம்பாய் முட்டாசு மிட்டாயும் வளையல் கடையுமாக இருந்தது. தேரைப் பார்த்துக் கும்பிட்டு விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ராசம்மா பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் கட்டுகேக்குப் போவோம் என்றாள். சிங்களத்தில் அப்படிச் சொன்னால் காட்சிச்சாலை. உள்ளே வீடு உயரத்துக்குத் திமிங்கில எலும்பு தொங்குகிறது, கண்டி ராசாவின் சிம்மாசனம் இருக்கிறது என்றாள். அதன் பிறகு புறக்கோட்டைக் கடைத்தெரு, அதன் பிறகு காலிமுகக் கடற்கரை. எந்தப் பக்கம் நின்றால் எந்த பஸ் வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடி பஸ்ஸில் மேலே ஏறி உட்கார்ந்தால் கடல் தெரியும் என்றாள். கொண்டக்டரிடம் சிங்களத்தில் அவள் பேசிய வேகத்தைப் பார்த்து வீரய்யாவின் மீசை பெருமையில் துடித்தது.

தோட்டத்துச் சனங்களைத் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். ஹட்டன் கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் கங்காணியிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவர்கள் அவர்கள். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் எந்தப் பாதை எங்கே போகிறது என்று பாதிப்பேருக்குத் தெரியாது. அதனால் ஒருவனைப் பெரிய ஆள் என்று சொல்ல வேண்டுமானால், சொத்தையும் படிப்பையும் சொல்லமாட்டார்கள். 'அவனுக்கு ரோடு தெரியும்' என்பார்கள். ரோடு தெரிந்தவன் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம். சண்முகவடிவும் அந்தச் சனத்தில் ஒருத்திதானே? பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் நீட்டிக் காட்டிய கட்டடங்களையெல்லாம் பார்க்கப் பார்க்க, அவள் மனதில் முதல் தடவையாக ஒரு கல் விழுந்தது. கொழும்புக்கே ரோடு தெரிந்தவளாக இருக்கிறாளே இவள், லயத்துக்குத் திரும்பி வருவாளா!

காட்சிச்சாலையில் வீரய்யா செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். தொங்கிய எலும்பைப் பார்த்து, இது மீனாக இருக்காது, வெள்ளைக்காரன் ஒட்டவைத்திருப்பான் என்று அடித்துச் சொன்னார். ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. சண்முகவடிவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அம்மன் நின்றாள். வெண்கல அம்மன், ஒரு கையைத் தொங்கவிட்டு, பூவில்லாமல், பொட்டில்லாமல். பக்கத்துப் பெட்டியில் நடராசர். சண்முகவடிவு அப்படியே விழுந்து கும்பிட்டுவிட்டாள். எழுந்து, மடியில் வைத்திருந்த வேல் கோயில் குங்குமத்தை எடுத்துக் கண்ணாடியில் பொட்டு வைத்தாள். காவல்காரன் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். ராசம்மா அவனிடம் சிங்களத்தில் கெஞ்சி, தன் பாவாடை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். துடைத்த துடைப்பில் பழக்கம் தெரிந்தது. ஒரு தடம் மிச்சமில்லை.

இந்த அம்மனுக்குப் பூசை கிடையாதா என்று சண்முகவடிவு கேட்டாள். இது பார்க்க வைத்திருக்கிற சாமி என்றாள் மகள். பூசை இல்லாவிட்டால் என்ன, காது கேட்காமலா போகும் என்று நினைத்து, சண்முகவடிவு மனதுக்குள் தன் வேண்டுதலைச் சொல்லிவிட்டாள். பிள்ளை என்னோடு வர வேண்டும் தாயே.

புறக்கோட்டைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அந்தக் கூட்டத்தில் ராசம்மா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்த பிடியை விடவேயில்லை. பிள்ளைக்குப் பாசம் விட்டுப்போகவில்லை என்று தாய் பூரித்துப்போனாள். கண்ணாடி வளையல் வாங்கினார்கள். கடைக்காரன் வளையலை ஏற்ற அவள் கையைப் பிடித்தபோது, சண்முகவடிவு அந்தக் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் தன் கையையும் பார்த்தாள். தேயிலைக் கறை ஏறி, வெடித்து, கரேலென்று இருந்தது. எம்பிள்ளை கை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று நினைத்தாள். ஊற்றுக்கண் இல்லாத இடத்தில் தண்ணீர் தேடுகிறவர்கள் மாதிரி, இல்லாத சுகத்தை அவள் மகள் உடம்பெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள்.

ஒரு சைவக் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராசம்மா தலைநிமிராமல் தோசையை அள்ளி அள்ளித் தின்றாள். தின்று முடித்ததும் எழுந்து, அப்பாவின் இலையையும் அம்மாவின் இலையையும் தன் இலையோடு சேர்த்து மடித்து, மேசையை வழித்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். பரிமாறுகிறவர் சிரித்து, தங்கச்சி அதற்கு நாங்கள் இருக்கிறோம் என்றார். அவள் முகம் செத்துப்போய் உட்கார்ந்தாள். நல்ல வீட்டுப் பழக்கம் என்று வீரய்யா மெச்சிக்கொண்டார். சண்முகவடிவுக்கு என்னமோ உறுத்தியது. என்ன என்று யோசிப்பதற்குள் மகள் ஐஸ்பழம் கேட்டாள். அந்த உறுத்தல் அதோடு போயிற்று.

கடற்கரையில் காற்று சேலையைப் பிய்த்தது. ராசம்மா கரைக்கு ஓடி, அலை காலைத் தொட்டதும் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள், திரும்ப ஓடினாள். சமைந்த பெண் என்ற நினைப்பே இல்லாமல், நனைந்த பாவாடையோடு அவள் ஆடியதை இருவரும் புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் வீரய்யா வாயைத் திறந்தார்.

"புள்ள நல்லாருக்கு வடிவு. எவ்வளவு சந்தோசமா இருக்குன்னு பாரு. அங்க கொண்டுபோயி என்ன பண்ணப்போறோம்? அட்டக்கடியும் ஒழுகுற லயமும். கூடையத்தான் மாட்டிவிடப்போறோம்."

கிளாக்கருக்குப் பயந்து பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயத்தில் சொன்னாலும் சொன்னது பொய்யாகத் தோன்றவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இங்கே உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ராசம்மா கடலைப் பார்த்துக்கொண்டே, ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாள். அந்த வீட்டைப் பற்றிக் கேட்கிறாளா, அந்தக் கடற்கரையைப் பற்றிக் கேட்கிறாளா என்று யோசிக்கிற நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. அவள் கண்ணெல்லாம் அலையில் இருந்தது.

சண்முகவடிவு பையிலிருந்து மாமன் சேலையை எடுத்துக் கொடுத்தாள். ராசம்மா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, இதைக் கட்டிக்கொண்டு நான் எங்கேயம்மா போகப்போகிறேன் என்றாள். கொழும்புக்காரிக்குத் தோட்டத்துச் சேலை ஆகவில்லை என்று தாய் எடுத்துக்கொண்டாள். இருந்தாலும் வைத்துக்கொள் என்றாள். பழனியாண்டி பேரை எடுக்கவேயில்லை. வந்த காரியத்தை அந்தக் கடற்கரையிலேயே கைகழுவிவிட்டாள். எழுந்து நடந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறதே, அதற்கு அழலாமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு முன்பே வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளே பேச்சுச் சத்தம். ராசம்மா சந்துக் கதவைத் திறந்து உள்ளே போய்க் கம்பளிகளை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வர்ற ஆடிக்கும் கட்டாயம் வாங்கம்மா" என்றாள். "நீங்க வந்தாத்தான் என்னைய வெளிய விடுவாங்க."

சண்முகவடிவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. கட்டுகே, பஸ்ஸு, கடல், எல்லாம் உனக்குத் தெரிந்திருந்ததே என்று கேட்டாள்.

"இந்த வீட்டுத் தம்பிங்க பேசிக்கிறப்ப கேட்டுக்குவேம்மா. வீட்டுக்கு வர்றவங்க சொல்லுவாங்க, அதையும் ஞாபகம் வச்சிக்குவேன். சிங்களம் இங்க துணி வெளுக்க வர்ற அம்மாகிட்டப் படிச்சது. பாத்ததெல்லாம் இன்னிக்குத்தான். கடலு ராத்திரியெல்லாம் எரையும். அது எப்படி இருக்கும்னே தெரியாம இருந்தேன்."

குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. நல்ல ஒரு நாளைக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறவள் மாதிரி சொன்னாள். அதனால்தான் அது அப்படி வெட்டியது.

"காலையில ஏன்டி சொல்லல? கூட்டிக்கிட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க வேல் பாக்க வந்திருக்கீங்கன்னுதான அம்மா சொன்னாங்க" என்றாள் ராசம்மா. அவள் அம்மா என்றது வீட்டுக்கார அம்மாவை. உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் ஓடிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

வீரய்யா, கோச்சிக்கு நேரமாகிறது வா என்று தோளைத் தொட்டார். சண்முகவடிவு அவர் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் செய்யாத காரியம் அது. கிளாக்கராவது காவல் வேலையாவது! லயத்தை விட்டுத் துரத்தினால் ரோட்டில் கிடப்போம்; பிள்ளையோடு கிடப்போம். அவள் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கையை மடக்கி இன்னும் பலமாகத் தட்டினாள். எம்பிள்ளையைக் கொடுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வார்த்தை சரியாக வந்தது.

கதவைத் திறந்தது ஜெகதீஸ்வரி. நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தார். பின்னால் சமையல்கட்டு வாசலில் ராசம்மா, கையில் தேத்தண்ணித் தட்டோடு, தட்டிய சத்தம் கேட்டு அப்படியே நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் தெரியும். பிள்ளை மூச்சை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"என்ன, ஏதும் விட்டிட்டுப் போட்டீங்களோ?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரி.

சண்முகவடிவின் கைகள் தானாகச் சேர்ந்து கும்பிட்டன. இடுப்பு தானாக வளைந்தது. கிளாக்கர் முன்னாலும் கண்டாக்கு முன்னாலும் துரை முன்னாலும் பிறந்ததிலிருந்து எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள். அப்படி நிற்கிற உடம்பிலிருந்து என்ன வார்த்தை வருமோ அதுதான் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நாங்க போயிட்டு வர்றோம். புள்ளைய நல்லா பாத்துக்கங்க."

"அதுக்கென்ன, நாங்கள் பாக்கிறம்தானே. கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றார் அவர், நல்ல மனதோடுதான்.

ராசம்மா தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

ஸ்டேஷன்வரை வீரய்யா இரண்டு கம்பளியையும் தானே சுமந்துகொண்டு நொண்டி நொண்டி நடந்தார். அவருக்கும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. ரயிலில் கூட வந்த பெண்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு, மகளைப் பார்த்தாயா, எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சண்முகவடிவு சொன்னாள். முதல் தடவை அவள் பிள்ளையைக் கொடுத்தபோதாவது கிளாக்கர் வாசலில் நின்று கேட்டார். இந்தத் தடவை யாரும் கேட்கவேயில்லை.